வெயிட் என்ன பாஸ்?

இந்த வாரம் ஒரு குட்டி டெஸ்ட். சிலபஸ் எல்லாம் கிடையாது, யோசிக்காம டக்குனு பதில் சொல்லணும்.

உங்க க்ளோஸ் ஃப்ரெண்டுக்கு எத்தனை அரியர்? சப்ஜெக்ட் கோடோட சொல்லிடுவீங்க. யாரைப் பார்த்தா வழியிறான்? டிபார்ட்மென்ட், பஸ் ரூட், இறங்குற ஸ்டாப் வரைக்கும் தெரியும். ஓ.கே... அவன் வெயிட் எவ்வளவு? போன செமஸ்டர்ல எவ்வளவு இருந்தான்?

முழிக்கிறீங்கல்ல? நானும் இப்படித்தான் முழிச்சேன். நான் முழிச்ச இடம் ஒரு அரசு மருத்துவமனை வராண்டா.

எங்க செட்டுல ஒருத்தன். இதை எழுதலாமானு அவன்கிட்டயே கேட்டேன். 'தாராளமா எழுது. பேர் மட்டும் போட்டே, உன் ரெக்கார்டு நோட் தண்டவாளத்துல கிடக்கும்'னு அன்பா சொன்னான். அதனால நாங்க வெச்ச பட்டப் பேரையே இங்கேயும் வெச்சுக்கறேன். குச்சி. ஊர் வேலூர் பக்கம் ஒரு கிராமம். வேப்பம்பட்டுல இன்னும் ரெண்டு பேரோட ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். எனக்கு வேப்பம்பட்டுதான் சொந்த ஊர். சாயங்காலமானா ஸ்டேஷன் பிளாட்பாரத்து பெஞ்சுதான் எங்க கான்ஃபரன்ஸ் ஹால். திருவள்ளூர் லோக்கல் போறதையும் வர்றதையும் பார்த்துக்கிட்டே உலக விஷயம் எல்லாம் பேசித் தீர்ப்போம்.

முதல் வருஷம் குச்சி சும்மா ஒல்லி. அவ்வளவுதான். ரெண்டாவது வருஷம் ஒரு நாள் லேப்ல பேன்ட் இறங்குதுனு டிவைடரை வெச்சு பெல்ட்டுல புதுசா ஒரு ஓட்டை போட்டான். அடுத்த மாசம் இன்னொண்ணு. செமஸ்டர் முடியறதுக்குள்ள மூணு ஓட்டை. நாங்க சும்மா இருப்போமா? 'ஹோல்சேல் டீலர்'னு பட்டம் கொடுத்தோம். க்ளாஸே சிரிச்சுது. அவனும் சிரிச்சான். சிரிச்சா இருமல் வரும். 'தூசிடா'ம்பான். 'நைட்டு படிச்சது'ம்பான். (அவன் நைட்டு படிச்சதா சொன்னப்பவாவது எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கணும்!)

ஒரு கிளினிக்குக்கு மூணு தடவை போனான். மூணு கலர்ல சிரப் கொடுத்தாங்க. அங்கே ஓரமா ஒரு எடை மெஷின் இருந்துச்சாம். மூணு தடவையும் யாரும் அதுல ஏறச் சொல்லலை. இவனும் ஏறலை.

அப்புறம் ஒரு சாயங்காலம், நடை மேம்பாலத்துல ஏறிக்கிட்டு இருந்தோம். பாதிப் படியில குச்சி உட்கார்ந்துட்டான். 'நீங்க போங்கடா, வர்றேன்'னான். வரலை. திரும்பிப் போய்ப் பார்த்தா, மூச்சு வாங்குது... முகத்துல சிரிப்பு இல்ல. அப்பதான் எங்களுக்கு பயம் வந்துச்சு. மறுநாள் அரசு மருத்துவமனை. சளி டெஸ்ட். டி.பி. அதாவது காசநோய்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் பொறுமையாச் சொல்லணும். ரிசல்ட் வந்ததும் மாத்திரையைக் கையில கொடுத்து அனுப்பிடுவாங்கனுதான் நினைச்சேன். ஆனா, அங்கே இருந்த சுகாதாரப் பணியாளர் அக்கா ஒரு படிவத்தை எடுத்தாங்க. மெஷின்ல ஏத்தி எடை பார்த்தாங்க. சுவரோட நிக்க வெச்சு உயரம் அளந்தாங்க. விரல்ல க்ளிப் மாட்டி ஆக்ஸிஜன். ஒரு நிமிஷம் முழுக்க வாட்ச்சைப் பார்த்துக்கிட்டே மூச்சை எண்ணினாங்க. கணுக்கால்ல கட்டைவிரலை அழுத்தி, பள்ளம் விழுதானு பார்த்தாங்க. கடைசியா, 'எதையும் பிடிக்காம எழுந்து நில்லு தம்பி.' அவ்வளவுதான். மொத்தம் அஞ்சே நிமிஷம்.

எடை 39 கிலோ. உயரம் 168 சென்டிமீட்டர். அக்கா என்னைப் பார்த்துக் கேட்டாங்க. 'முன்னாடி எவ்வளவு இருந்தாரு?'

மூணு ஓட்டைனு சொல்லத் தெரிஞ்ச எனக்கு, எத்தனை கிலோனு சொல்லத் தெரியலை.

கணக்கு நமக்குத் தெரிஞ்சதுதானே? எடையை உயரத்தோட வர்க்கத்தால வகுத்தா பி.எம்.ஐ. குச்சிக்கு 13.8. சாதாரணமா 18.5-க்கு மேல இருக்கணும். அக்கா அந்த நம்பரைப் பார்த்ததும் போனை எடுத்து யார்கிட்டயோ 'பெட் வேணும்'னாங்க. அன்னிக்கே அட்மிஷன். குச்சிகூட 'நடந்துதானே வந்தேன், எதுக்கு பெட்டு?'னு கேட்டான். எனக்கும் அதே டவுட்தான். வீட்டுக்கு வந்து தேட ஆரம்பிச்சேன். தேடினதுல கிடைச்சதுதான் இந்த வாரம் உங்களுக்கு.

அந்தப் படிவத்துக்குப் பின்னாடி ஒரு திட்டம் இருக்கு. பேரு 'காசநோய் இறப்பில்லா திட்டம்.' 2022 ஏப்ரல்ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்சது. அதுக்கு மூளையா இருந்த ஆராய்ச்சி நிறுவனங்கள்ல முக்கியமானது எங்கே இருக்குனு நினைக்கிறீங்க? டெல்லியா, ஜெனிவாவா? நம்ம அம்பத்தூர் பக்கம் அயப்பாக்கம் பாஸ்! வீட்டு வசதி வாரியக் குடியிருப்பை ஒட்டி இருக்கிற ஐ.சி.எம்.ஆர். தேசிய நோய்ப் பரவல் இயல் நிறுவனம். நான் அந்தப் பக்கம் எத்தனையோ தடவை பைக்ல போயிருக்கேன். ஏதோ கவர்மென்ட் ஆபீஸ்னு நினைச்சுக்கிட்டு.

விஷயம் இதுதான். டி.பி.க்கு மருந்து இருக்கு. ஒழுங்கா ஆறு மாசம் சாப்பிட்டா பெரும்பாலானவங்களுக்குச் சரியாகிடும். ஆனாலும் சிலர் இறந்துபோறாங்க. எப்போ? ஆறாவது மாசமா? இல்ல. அதுல பெரும்பாலான மரணங்கள் சிகிச்சை ஆரம்பிச்ச முதல் ரெண்டு மாசத்துக்குள்ளயே நடந்துடுது. மருந்து வேலை செய்யறதுக்குள்ள உடம்பு தோத்துப் போயிடுது. அப்படின்னா, யார் உடம்பு தோக்கப் போகுதுனு முதல் நாளே கண்டுபிடிச்சு பெட்டுல படுக்க வெச்சா? அதுக்கு ஸ்கேனும் வேணாம், லேபும் வேணாம்னு சொல்லுது இந்தத் திட்டம். பி.எம்.ஐ. 14 அல்லது அதுக்குக் கீழே... இல்லேன்னா 16-க்குள்ள இருந்து கால்ல வீக்கமும் இருந்தா... நிமிஷத்துக்கு 24-க்கு மேல மூச்சு... ஆக்ஸிஜன் 94 சதவிகிதத்துக்குக் கீழே... பிடிமானம் இல்லாம நிக்க முடியாத நிலை... இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரி, டாக்டரோட முழுப் பரிசோதனை. குச்சி முதல் கேள்வியிலயே மாட்டிக்கிட்டான். மாட்டினதாலதான் தப்பிச்சான்.

ஆரம்பிச்ச முதல் மூணு மாசத்துல, கண்டுபிடிக்கப்பட்ட 14,961 பேர்ல 11,599 பேருக்கு இந்த அஞ்சு நிமிஷ டெஸ்ட் நடந்திருக்கு. 78 சதவிகிதம். புதுசா வந்த ஒரு திட்டத்துக்கு இது சாதாரண விஷயம் இல்ல. எங்க காலேஜ்ல ஃபீட்பேக் ஃபாரமையே 78 சதவிகிதம் பேர் ஃபில் பண்ண மாட்டோம்.

இன்னொரு மேட்டர், இது நம்ம இன்ஜினீயரிங் ஜனங்களுக்கு ஸ்பெஷல். 2025-ல, எந்த நோயாளிக்கு மரண ஆபத்து எவ்வளவுனு கணிச்சுச் சொல்ற ஒரு மாடலையும் இதே அயப்பாக்கம் நிறுவனம் உருவாக்க, தமிழ்நாட்டுல அது செயலியில சேர்ந்துச்சு. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளோட தகவலை வெச்சு செஞ்சது. இன்புட் என்ன தெரியுமா? நான் மேலே சொன்ன அதே அஞ்சு விஷயம்தான். தீவிரமா பாதிக்கப்பட்டவங்களுக்கு 10-லேர்ந்து 50 சதவிகிதம் வரைக்கும் மரண ஆபத்து, மத்தவங்களுக்கு 1-லேர்ந்து 4 சதவிகிதம்தான்னு பிரிச்சுக் காட்டுது. இங்கே நாங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு 'டீப் லேர்னிங்'னு டைட்டில்லயே எழுதலைன்னா கைடு நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். அங்கே ஒரு எடை மெஷின், ஒரு அளவு டேப், ஒரு வாட்ச், ஒரு விரல் க்ளிப், ஒரு கட்டைவிரல். ஆள் பிழைக்கிறார்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம். அட்மிட் ஆன மறுநாள் நாங்க நாலு பேர் சேர்ந்து காசு போட்டு, ஆவடியில பெரிய பார்சலா பிரியாணி வாங்கிட்டுப் போனோம். வார்டு வாசல்லயே நர்ஸ் அக்கா பிடிச்சுக்கிட்டாங்க. 'ஃப்ரெண்டைக் கொல்லணும்னா வேற வழி இருக்கு, இது வேணாம்'னு விட்டாங்க ஒரு டோஸ். அப்புறம்தான் விளக்கினாங்க. ரொம்ப நாள் வயித்துக்குச் சரியா இல்லாத உடம்புக்குத் திடீர்னு ஃபுல் கட்டு கட்டினா, ரத்தத்துல பாஸ்பேட், பொட்டாசியம் மாதிரி சமாசாரங்கள் சரசரனு இறங்கிடுமாம். இதயத் துடிப்பே தடுமாறுமாம். அதனால கொஞ்சம் கொஞ்சமா, அளந்து, பார்த்துப் பார்த்துத்தான் ஏத்தணும். அவனை எதுக்கு பெட்டுல வெச்சாங்கனு அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. (பிரியாணி என்ன ஆச்சுனு கேக்கறவங்களுக்கு: ஆஸ்பத்திரி மரத்தடியில நாங்களே சாப்பிட்டோம். ஆனா, இறங்கலை.)

'ரொம்ப நாள் வயித்துக்குச் சரியா இல்லாத உடம்பு'னு அந்த அக்கா சொன்னது எனக்கு அங்கேயே மாட்டிக்கிச்சு. குச்சி காலையில சாப்பிடறதில்லனு எங்களுக்குத் தெரியும். 'லேட்டா எழுந்துக்கறவன்'னு நினைச்சோம். மதியம் கேன்டீன்ல டீயும் பன்னும். 'டயட்டுடா'ம்பான். வீட்டுக்கு மாசாமாசம் காசு அனுப்பணும்னு ராத்திரி ஒரு கடையில பில் போடற வேலை பார்த்தது, ரெண்டு வருஷமா எங்களுக்குத் தெரியவே தெரியாது. மூணு ஓட்டைக்கும் காரணம் கிருமி மட்டும் இல்ல.

அப்போ சாப்பாட்டுக்கும் டி.பி.க்கும் கனெக்‌ஷன் உண்டா? வீட்ல பாட்டி, 'நல்லா சாப்பிட்டா சளி தானா போயிடும்'னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. எம்.பி.பி.எஸ். படிக்கிற என் ஸ்கூல் ஃப்ரெண்டுக்கு போன் போட்டா, அவ நேர் எதிரா ஒரு குண்டு போட்டா. 'மருந்து ஒழுங்கா சாப்பிட்டா போதும், சாப்பாடு முக்கியமில்லனு அந்தக் காலத்துலயே நிரூபிச்சுட்டாங்க. அதுவும் நம்ம சென்னையில'ன்னா.

உண்மைதான் மக்களே. தாம்பரம் போற லைன்ல 'சானடோரியம்'னு ஒரு ஸ்டேஷன் வருதே, அது டி.பி. சானடோரியத்தால வந்த பேருதான். அந்தக் காலத்துல டி.பி.ன்னா அப்படி ஓர் இடத்துல மாசக்கணக்குல படுக்கணும். நல்ல காத்து, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. ஏழைக்கு அது எட்டாக்கனி. 1956-ல சென்னையில காசநோய் மருந்து சிகிச்சை மையம் ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு சேத்துப்பட்டுல இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோட பழைய அவதாரம் அது. அங்கே வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில ஒரு துணிச்சலான சோதனை. 193 நோயாளிகள். குலுக்கல் முறையில பாதிப் பேர் சானடோரியத்துக்கு. மீதிப் பாதி அவங்கவங்க வீட்லயே. நெருக்கடியான வீடு, அரைகுறைச் சாப்பாடு. மருந்து மட்டும் ரெண்டு பக்கமும் ஒண்ணு. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, ரெண்டு பக்கமும் குணமானவங்க எண்ணிக்கையில பெரிய வித்தியாசம் இல்ல! 1959-ல ரிசல்ட் வெளியாச்சு. அப்புறம் உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியாக ஆரம்பிச்சதுக்கு, நம்ம மெட்ராஸ் ரிசல்ட் ஒரு பெரிய காரணம். வீட்லயே இருந்து மாத்திரை சாப்பிடலாம்ங்கற வசதி லட்சக்கணக்கான ஏழைகளுக்குக் கிடைச்சுது. நினைச்சாலே காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

ஆனா, ஒரு சின்ன விஷயம். சானடோரியத்துல இருந்தவங்களுக்கு எடை அதிகமா ஏறியிருந்துச்சு. அதையும் அப்பவே எழுதி வெச்சிருக்காங்க. அந்தச் சோதனை கேட்ட கேள்வி, 'மருந்து கொடுத்தா, சாப்பாடு கம்மியா இருந்தாலும் கிருமி அழியுமா?' பதில், அழியும். கேக்காத கேள்வி வேற ரெண்டு இருக்கு. பட்டினி உடம்பு பிழைக்குமா? அந்த வீட்ல இருக்கிற மத்தவங்களுக்கு வருமா, வராதா?

அந்தக் கேள்விகளைக் கேக்க அறுபது வருஷம் ஆச்சு. கேட்டது மங்களூர்ல இருக்கிற ஏனபோயா மருத்துவக் கல்லூரி. ஒரு பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி. அங்கே டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா குழுவினர், நம்ம சேத்துப்பட்டு நிறுவனத்தோட கைகோத்து, ஜார்கண்ட்ல நாலு மாவட்டங்கள்ல 2019-ல ஆரம்பிச்ச ஆய்வு அது. பேரு 'ரேஷன்ஸ்'. பேர்லயே ரேஷன் கடை! 2,800 நோயாளிகள், அவங்க வீடுகள்ல இருந்த 10,345 பேர். நோயாளிங்க எல்லாருக்கும் ஆறு மாசம் மாசாமாசம் அரிசி, பருப்பு, எண்ணெய், பால் பவுடர், சத்து மாத்திரை. குடும்பத்துல இருக்கிறவங்கள்ல மட்டும் ரெண்டு குரூப். ஒரு குரூப்ல ஒவ்வொரு ஆளுக்கும் மாசம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை. இன்னொரு குரூப் வழக்கமான சாப்பாடு. நடுவுல கொரோனா வேற வந்துச்சு. ஆனாலும் விடலை. 2022 ஜூலை வரைக்கும் தொடர்ந்து கண்காணிச்சாங்க.

2023 ஆகஸ்ட்ல ரிசல்ட். சாப்பாடு வாங்கின 5,621 பேர்ல 96 பேருக்கு டி.பி. வந்துச்சு. வாங்காத 4,724 பேர்ல 122 பேருக்கு. மத்த வித்தியாசங்களைச் சரிகட்டிப் பார்த்தா 39 சதவிகிதம் குறைவு. மத்தவங்களுக்குத் தொத்துற வகை டி.பி. கிட்டத்தட்ட பாதியா, 48 சதவிகிதம் குறைஞ்சுது. தடுப்பூசி இல்ல, புது மருந்து இல்ல. அரிசி, பருப்பு! ஏறக்குறைய 30 குடும்பங்களுக்குச் சாப்பாடு கொடுத்தா, புதுசா வர இருந்த ஒரு டி.பி. தடுக்கப்படுதுனு கணக்குப் போட்டிருக்காங்க.

நோயாளிகள் பக்கம் இன்னும் ஷாக். சேரும்போது அஞ்சு பேர்ல நாலு பேருக்கு மேல எடை குறைவு. ஏறக்குறைய பாதிப் பேருக்கு பி.எம்.ஐ. 16-க்கும் கீழே. முதல் ரெண்டு மாசத்துல எடை 5 சதவிகிதம் ஏறினவங்களுக்கு, இறக்கிற வாய்ப்பு 61 சதவிகிதம் குறைவா இருந்துச்சு. 5 சதவிகிதம்னா நம்ம குச்சிக்கு எவ்வளவு? வெறும் ரெண்டு கிலோ. அந்த ரெண்டு கிலோவுக்காக நாங்க பட்ட பாடு இருக்கே...

ஆக, பாட்டி சொன்னது பாதி சரி, என் ஃப்ரெண்ட் சொன்னது பாதி சரி. மருந்து இல்லாம சாப்பாடு மட்டும் டி.பி.யைத் தீர்க்காது. ஆனா, சாப்பாடு இல்லாத உடம்புல மருந்து வேலை செய்யற வரைக்கும் உயிர் தாங்கணும். பாட்டிகிட்ட இதைச் சொன்னேன். அதுக்கு அவங்க, 'எங்க காலத்துல திருவள்ளூர் பக்கமெல்லாம் ஜீப்புல வந்து வீடு வீடா பேர் எழுதி கையில ஊசி போட்டாங்க. அதுக்கு என்ன ஆச்சு?'ன்னாங்க. நான் கதைனு நினைச்சேன். தேடிப் பார்த்தா... நிஜம்! 1968-ல, அப்போ செங்கல்பட்டு மாவட்டத்துல இருந்த நம்ம திருவள்ளூர் வட்டாரத்துலதான் பி.சி.ஜி. தடுப்பூசி சோதனை நடந்திருக்கு. ரெண்டே முக்கால் லட்சம் பேருக்கு மேல ஊசி. சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. 15 வருஷம் கண்காணிச்சு வந்த முடிவு, பெரியவங்களுக்கு அந்த ஊசியால நுரையீரல் டி.பி.யைத் தடுக்க முடியலைங்கறது. (குழந்தைகளுக்கு வர்ற மூளைக்காய்ச்சல் வகை டி.பி.யை பி.சி.ஜி. தடுக்கும். அதனால பிறந்த குழந்தைக்குப் போடறதைத் தப்புனு நினைச்சுடாதீங்க.) பாட்டிக்குப் போட்டது எந்த ஊசினு யாருக்குத் தெரியும்! ஆனா, உலகம் நம்பிக்கிட்டு இருந்த ஒரு விஷயத்துக்கு 'இல்ல'னு நேர்மையா ஒரு பதிலை எழுதினது எங்க மாவட்டம். அதுல எங்க பாட்டி கையும் இருக்கலாம்னு நினைச்சா, ஒரு கெத்து.

குச்சியை நாலஞ்சு நாள்ல டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. ரூம்மேட்ஸ் ரெண்டு பேரையும், கூடவே ஒட்டிக்கிட்டுத் திரிஞ்ச எங்களையும் கூப்பிட்டு எக்ஸ்ரே எடுத்தாங்க. எல்லாம் க்ளியர். ரூம்ல ஒருத்தன் மட்டும் அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வாங்கி வெச்சான். டி.பி. காத்து வழியாப் பரவும், தட்டு வழியா இல்ல. இதைச் சொன்னதும் அவனே வெட்கப்பட்டு எடுத்து உள்ளே வெச்சுட்டான். ஜன்னலைத் திறந்து வெச்சோம். மருந்து ஒழுங்காப் போக ஆரம்பிச்சா தொத்துற தன்மை சீக்கிரமே குறைஞ்சுடும்னு டாக்டர் சொன்னார்.

சாப்பாடுதான் பெரிய சவால். மத்திய அரசோட நி-க்‌ஷய் போஷண் திட்டத்துல டி.பி. நோயாளிக்கு மாசாமாசம் பணம் வரும். 2018-ல 500 ரூபாயா ஆரம்பிச்சது, 2024 நவம்பர்லேர்ந்து 1,000. நல்ல விஷயம். ஆனா, 30-ஆல வகுத்துப் பாருங்க. நாளைக்கு 33 ரூபாய். ஒரு டீ, ஒரு பன், ஒரு முட்டைக்குச் சரியாப் போச்சு. மீதியை நாங்க பங்கு போட்டுக்கிட்டோம். எங்க வீட்லேர்ந்து காலையில இட்லி. இன்னொருத்தன் வீட்லேர்ந்து முட்டை, சுண்டல். குச்சிக்கு முதல்ல பிடிக்கலை. 'பிச்சையாடா?'னு ஒரு நாள் டிபன் பாக்ஸைத் தள்ளி விட்டுட்டான். ரெண்டு நாள் பேசலை. மூணாவது நாள் நான் எதுவும் சொல்லாம பெஞ்சுல பாக்ஸைத் திறந்து வெச்சுக்கிட்டு, பாதியை நான் சாப்பிட ஆரம்பிச்சேன். மீதியை அவன் எடுத்துக்கிட்டான். அன்னிலேர்ந்து அதுதான் ரூல். ரெண்டு பேரும் ஒரே பாக்ஸ்.

ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சாயங்காலம் எட்டிப் பார்க்கிற காய்ச்சல், ராத்திரி வியர்வை, பெல்ட்டுல புது ஓட்டை... இதுல எது உங்க செட்டுல யாருக்கு இருந்தாலும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துட்டுப் போங்க. டெஸ்ட்டும் ஃப்ரீ, மருந்தும் ஃப்ரீ. சந்தேகம் கேக்க 1800-11-6666-னு கட்டணமில்லா எண் இருக்கு.

போன வாரம் குச்சியோட ஆறு மாச கோர்ஸ் முடிஞ்சுது. திரும்பி வர்ற வழியில ஒரு மெடிக்கல் ஷாப் வாசல்ல எடை மெஷின். ஏறினான். 50 கிலோ. உடனே மனக்கணக்கு போட்டு, 'பி.எம்.ஐ. 17.7, இன்னும் பாஸ் மார்க் வரலைடா'ன்னான். பெல்ட்டு பழைய ஓட்டைக்கே திரும்பி வந்துடுச்சு, புதுசா போட்ட மூணும் சும்மாதான் இருக்கு. அப்புறம் இறங்கி, 'இப்ப நீ ஏறு'ன்னான்.

ஆறு மாசமா காலையில வீட்லயும் ஒரு தடவை, பெஞ்சுலயும் ஒரு தடவை இட்லி சாப்பிட்டவன் நான். எவ்வளவுனு மட்டும் கேக்காதீங்க பாஸ்!